கிட்டார்க் கழுத்தும் இடித்த வீட்டு நிலையும்

ஓய்வூதியம், பழைய தாலுகா கச்சேரி, புளியமரச் சாலை என்று எழுதிக்கொண்டிருக்கிறவன் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பற்றி எழுத வந்தால் நண்பர்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். என் பேரன் சொந்தமாக ஒரு கிட்டார் செய்கிறேன் என்று இறங்கி, எங்கள் வீட்டுத் திண்ணை மூன்று மாதமாகத் தச்சுப் பட்டறையாக இருக்கிறது. அவனும் ஆசாரியும் பேசுவதைக் கேட்டும், அவன் கொண்டுவந்து போட்ட புத்தகங்களைப் புரட்டியும் எனக்கு இந்த விஷயத்தில் ஒரு கருத்து உண்டாகிவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட்டாரின் கழுத்துக்கு மரம் வேண்டுமென்றால் வெளிநாட்டு மேப்பிளுக்குப் பணம் கட்டிக் காத்திருக்க வேண்டாம். புதிதாக வெட்டிய ஈட்டிக்கு ஆள் பிடிக்கவும் வேண்டாம். இடித்த வீட்டு மரத்தில் தேடுங்கள். மரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் நாரைப் பாருங்கள், ஈரத்தைப் பாருங்கள்.

கிட்டார் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். வீணைக்குக் குடம் இருக்கிற மாதிரி எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பொள்ளலான வயிறு கிடையாது. பெரும்பாலும் அது கெட்டியான பலகை. தந்திகள் எஃகு. அவற்றுக்கு அடியில் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் கொண்ட பிக்கப் இருக்கும். தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் உண்டாகும்; அதைப் பெருக்கி ஒலிபெருக்கியில் விடுகிறார்கள். இது நம் காதுக்குப் புதிதும் அல்ல. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஐந்து தந்தி போட்ட எலெக்ட்ரிக் மாண்டலினில் தோடியும் கல்யாணியும் வாசித்ததை நம் தலைமுறை மேடைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறது.

பலகையிலிருந்து நீண்டு போகிற பாகத்தைத்தான் ஆங்கிலத்தில் கழுத்து என்கிறார்கள். இடது கை பிடிப்பது அங்கேதான். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் அதற்குப் பெயர் 'மான்ஷ்'. கத்திக்கும் கோடரிக்கும் துடைப்பத்துக்கும் போடுகிற பிடிக்கும் அதே சொல்தான். நாம் வீணையில் தண்டி என்கிறோம். மூன்றில் எனக்குப் பிரெஞ்சுக்காரன் பார்வை பிடித்திருக்கிறது. ஏனென்றால், கழுத்துக்கு மரம் பார்க்கிற வித்தையும் மண்வெட்டிக்குக் காம்பு பார்க்கிற வித்தையும் ஒன்றே. நம் ஊர் உழவனுக்கு அது தெரியும். காம்புக்குக் கட்டை எடுக்கிறவன் முதலில் அதன் நார் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஓடுகிறதா என்று பார்ப்பான். நடுவில் நார் பக்கவாட்டில் வெளியேறிவிட்டால் அந்தக் கட்டையை அடுப்புக்குப் போட்டுவிடுவான். எங்கள் ஆசாரி கிட்டாரைக் கையில் எடுத்தே பார்த்ததில்லை. ஆனால் பேரன் வரைபடத்தை விரித்துக் காட்டியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது: "தம்பி, நாரு கடைசி வரைக்கும் ஓடணும். எங்க வெளிய போவுதோ அங்கதான் ஒடியும்."

கழுத்து என்ன பாரம் தாங்குகிறது என்று தெரிந்தால் இது ஏன் என்று விளங்கும். சாதாரணமாகப் போடுகிற ஆறு தந்திகளையும் சுருதிக்கு ஏற்றினால் மொத்த இழுவிசை ஏறக்குறைய 45 கிலோ. கிட்டத்தட்ட ஒரு சிமெண்டு மூட்டையின் எடை. கழுத்தின் தடிமனோ 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. இரவும் பகலும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், அந்த மூட்டை அதை முன்பக்கமாக வளைக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர். ஆகவே கழுத்து ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலும் வாசிக்கிறவன் விரலுக்குத் தெரிந்துவிடும்.

உலகத்துத் தச்சர்கள் இதற்கு இரும்பைத் துணைக்கு அழைத்தார்கள். அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ என்பவர், கழுத்துக்குள்ளே ஓர் எஃகுக் கம்பியை வைத்துத் திருகி வளைவைச் சரிசெய்யும் முறைக்கு 1921-இல் காப்புரிமை கேட்டார், 1923-இல் கிடைத்தது. அதை ட்ரஸ் ராட் என்கிறார்கள். 1950-இல் லியோ பெண்டர் தன் எஸ்குவயர் கிட்டாரை முதலில் விட்டபோது, கழுத்து கெட்டியான மேப்பிள்தானே, கம்பி எதற்கு என்று விட்டுவிட்டார். கழுத்துகள் வளைந்தன. சில மாதங்களிலேயே அவரும் கம்பி போடத் தொடங்கினார். மேப்பிளுக்கு மாற்றே இல்லை என்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மேப்பிள் நல்ல மரம், மறுக்கவில்லை. ஆனால் கம்பியின் உதவி இல்லாமல் அதுவும் நிற்கவில்லை.

நம்மவர்கள் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்திருக்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்வது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவை விரும்பி வாங்குகிறார்கள். குடமும் தண்டியும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. தண்டியின் மேல் 24 மெட்டுகளையும் மரத்தில் அறைவதில்லை. மெழுகுக் கலவையை இரண்டு வரம்பாக ஊற்றி, அதில் மெட்டுகளைப் பதிக்கிறார்கள். காலப்போக்கில் மரம் அசையும், மெழுகும் இளகும், சுருதி ஒதுங்கும். அப்போது மெட்டுகளைப் பிடுங்கி, புது மெழுகு ஊற்றி, காதால் கேட்டுக் கேட்டுத் திரும்பப் பதிப்பார்கள். மேளம் கட்டுவது என்று அதற்குப் பெயர். மேல்நாட்டான் கம்பியைத் திருகி மரத்தை இழுத்து நிறுத்துகிறான். தஞ்சாவூரான் மரத்தின் அசைவுக்குத் தக்கபடி மெட்டை நகர்த்திக்கொள்கிறான். மரம் அசையும் என்பதை மட்டும் இரண்டு பேருமே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

மரம் அசைவது ஈரத்தால். வெட்டிய மரம் காயும்போது சுருங்குகிறது. நீளவாக்கில் அந்தச் சுருக்கம் மிகக் குறைவு, அகலவாக்கில்தான் அதிகம். அதிலும் ஆண்டு வளையங்களின் ஓட்டத்திலே சுருங்குவது, வளையங்களுக்குக் குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் பலகையின் வெட்டுமுனையைப் பாருங்கள் என்கிறார்கள். வளையக் கோடுகள் செங்குத்தாக நின்றால் அந்தப் பலகை வீங்கினாலும் சுருங்கினாலும் கோணாமல் இருக்கும். கோடுகள் படுத்த வாக்கில் வில்லாக வளைந்திருந்தால் பலகை ஓடுபோலக் குழிந்துகொள்ளும். கடையில் கட்டை வாங்குகிறவர்கள் பளபளப்பான முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். வெட்டுமுனையை ஓர் உளியால் சீவச் சொல்லிப் பாருங்கள். மரத்தின் ஜாதகம் அங்கேதான் எழுதியிருக்கிறது.

அடுத்தது காய்ச்சல். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓர் ஆண்டு நிழலில் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. இன்றைக்கு அறுவை மில்லில் 'காய்ந்த மரம்தான் சார்' என்று தருவதை நம்ப முடியாது. சோதிக்க வழி இருக்கிறது. அதே கட்டையிலிருந்து ஒரு சிறு துண்டை அறுத்து நகைத் தராசில் நிறுக்க வேண்டும். பிறகு அதை 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் எடை குறைவது நிற்கும் வரை காயவைத்துத் திரும்ப நிறுக்க வேண்டும். முதலில் 112 கிராம் இருந்து 100 கிராமில் நின்றால் ஈரம் நூற்றுக்கு 12. வாசல் நிலைக்கு அது போதும். கிட்டார்க் கழுத்துக்கு இன்னும் குறைய வேண்டும். பெரிய தொழிற்சாலைகளில் நூற்றுக்கு 6 முதல் 8 வரை இறக்கிய பிறகுதான் உளியை வைக்கிறார்கள். அடுப்பு வசதி இல்லாதவர்கள் கட்டையை அறைக்குள் வைத்து வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவந்தால் போதும். நாலைந்து வாரம் எடை மாறாமல் நின்றால் மரம் நம் வீட்டுக் காற்றோடு சமாதானமாகிவிட்டது என்று பொருள். நம் தருமபுரி சித்திரை வெயிலில் உலர்ந்த கட்டை ஐப்பசி மழையில் ஈரம் இழுக்கும். ஆகவே எந்த மாதத்தில் நிறுத்தோம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். முப்பது ஆண்டுக்கு மேல் பதிவேடு எழுதிய கை என்பதால் இந்த வேலையைப் பேரன் எனக்கே ஒதுக்கிவிட்டான்.

இங்கேதான் இடித்த வீட்டு மரம் ஜெயிக்கிறது. ஒரு நிலைக்கட்டை ஐம்பது அறுபது ஆண்டு வெயிலையும் மழையையும் பார்த்திருக்கும். கோண வேண்டியதெல்லாம் கோணியிருக்கும். வெடிக்க வேண்டியது வெடித்திருக்கும். நேராக நிற்பதை நேராக நிற்கும் என்று நம்பி வாங்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. இன்று தோப்பு மரத்தைச் சின்ன வயதிலேயே அறுத்துவிடுகிறார்கள். நடுத்தண்டை ஒட்டிய இளமரம் நீளவாக்கிலும் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். கழுத்துக்கு அதைவிடப் பகை வேறில்லை. அந்தக் காலத்து நிலைக்கு வைரம் பாய்ந்த மரத்தைத்தான் எடுத்தார்கள்.

எந்த மரம் என்று கேட்பவர்களுக்கு எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பழைய தேக்கு கிடைத்தால் வேறொன்றும் தேட வேண்டாம். அசைவு மிகக் குறைந்த மரங்களில் ஒன்று அது. அதில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் புதிதாக இழைத்த முகத்தை அசிட்டோன் தொட்டுத் துடைத்து, உடனே பசை போட்டு ஒட்டிவிட வேண்டும். உளி முனையையும் சீக்கிரம் மழுக்கும். வேங்கை கெட்டியானது, தேக்கைவிடக் கனம். சர்க்கரை நோய்க்குக் குவளை செய்து தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறோமே, அந்த மரம்தான். அந்தச் சாயம் வியர்வையிலும் இறங்கும். மேற்பூச்சு இல்லாமல் விட்டால் உள்ளங்கை மஞ்சளாகும். பலா, வீணை தாங்கிய மரம். ஆனால் வீணைத் தண்டியின் பருமன் வேறு, கிட்டார்க் கழுத்தின் மெலிவு வேறு. நடுவில் கெட்டி மரப் பட்டை ஒன்றை வைத்து ஒட்டிச் செய்வது நல்லது. வேம்பிலும் புளியிலும் நார் பின்னிக்கொண்டு ஓடும். கறிக்கடைக் கட்டைக்குப் புளியை ஏன் வைக்கிறார்கள்? எத்தனை வெட்டு வெட்டினாலும் பிளக்காது. அந்தப் பின்னலே இங்கே வினை. இழைத்தால் பெயர்ந்துகொண்டு வரும், எந்தப் பக்கம் திரும்பும் என்றும் சொல்ல முடியாது.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால் நம் மாவட்டத்துப் பழைய ஓட்டு வீடுகளில் தேக்கு எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை. மேலே பனங்கை, நிலைக்கு வேம்போ வேங்கையோ, வசதி உள்ளவர் வீட்டில் மட்டும் தேக்கு. காரைக்குடியில் இடித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களுக்குத் தனிக் கடைவீதியே இருக்கிறது; நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனாலும் ஊருக்கு ஊர் பழைய மரம் வாங்கி விற்கிறவர் இருக்கிறார். நாலுக்கு மூன்று அங்குல நிலைக்கட்டை ஏழடி நீளத்தில் ஒன்று கிடைத்தால் கழுத்துக்குத் தேவையான இரண்டரை அடித் துண்டு இரண்டு எடுத்துவிடலாம். அதில் ஒரு சௌகரியம்: கட்டையைத் திருப்பிப் போட்டு, வளையம் எந்தப் பக்கம் செங்குத்தாக வருகிறதோ அந்தப் பக்கமாக அறுத்துக்கொள்ளலாம். வராவிட்டால் நீளப் பட்டைகளாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் திருப்பி வைத்து ஒட்டலாம். மூன்று பட்டை ஒட்டிய கழுத்தில் ஒன்று ஒரு பக்கம் வளையப் பார்த்தால் அடுத்தது எதிர்ப்பக்கம் இழுக்கும். ஒட்டு என்றால் மட்டம் என்று நினைப்பது சரியில்லை.

பழைய மரம் வாங்கும்போது மூன்று எச்சரிக்கை. ஆணி இருக்கும்; காந்தத்தை ஓட்டிப் பார்த்த பிறகே வாளை வைக்க வேண்டும். வண்டு துளைத்திருக்கும், தட்டிப் பார்த்துப் பொடி உதிர்கிறதா என்று கவனிக்க வேண்டும். மூன்றாவது, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் இடித்த மரம், எத்தனை கட்டை என்று எழுதி வாங்குங்கள். மரத்தை வண்டியில் ஏற்றினால் கேள்வி வரும். பதில் காகிதத்தில் இருந்தால் மரமும் வீடு வந்து சேரும், நாமும் வந்து சேருவோம்.

இனி ஈட்டிக்கு வருகிறேன். தோதகத்தி என்றும் சொல்வார்கள். கழுத்தின் மேல் ஒட்டுகிற விரல் பலகைக்கு உலகம் முழுவதும் அதைத்தான் கேட்கிறார்கள். கறுத்த ஊதா நிறம், வழவழப்பு, விரல் தேய்ந்தாலும் மரம் தேயாது. முன்பு பிரேசில் நாட்டு ஈட்டிக்குத்தான் மவுசு. அது கிடைப்பது அரிதானபோது, 1969-இல் அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. மற்றவர்களும் வந்தார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம் உலகத்து மேடைகளில் ஏறியது. 1994-இல் தமிழ்நாடு அரசு ஈட்டி மரப் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் எழுத்து மூலமான அனுமதியின்றி வெட்டக்கூடாது என்றது. 2017 ஜனவரியில், உலக நாடுகளின் சைட்டிஸ் ஒப்பந்தம் ஈட்டி இனம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்கு நாடு கடக்கும் கலைஞர்களெல்லாம் கலங்கிப்போனார்கள். 2019 நவம்பரில்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்குக் கிடைத்தது.

இந்த இடத்தில் ஒரு வழக்கைச் சொல்லாமல் போக ஒரு பழைய குமாஸ்தாவுக்கு மனம் வராது. 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் நிறுவனத்தின் ஆலைகளில் சோதனை போட்டு, இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலி விரல் பலகைக் கட்டைகளைக் கைப்பற்றினார்கள். பிரச்சினை மரத்தின் தடிமனும் அதற்கு எழுதிய சுங்க எண்ணும். 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த அறுத்த மரம் 4407. இந்தியாவிலிருந்து அதை அனுப்பத் தடை. 6 மில்லிமீட்டர் வரை மெல்லிய பலகை 4408. இசைக்கருவியின் பாகம் என்றால் 9209. வந்த கட்டையோ 10 மில்லிமீட்டர். அது அறுத்த மரமா, இசைக்கருவியின் பாகமா? விரல் பலகை என்பது செய்து முடித்த பாகம்தான் என்று இந்தியத் தரப்பிலிருந்து விளக்கம் போனது. 2009-இல் பிடித்த மடகாஸ்கர் கருங்காலி விவகாரமும் சேர்ந்து 2012 ஆகஸ்டில் சமரசமாயிற்று. கிப்சன் 3,00,000 டாலர் அபராதம் கட்டியது, மடகாஸ்கர் மரத்தை விட்டுக்கொடுத்தது. இந்திய மரம் அதற்குத் திரும்பக் கிடைத்தது. நாலு மில்லிமீட்டர் மரத்துக்கு இரண்டு நாட்டு அரசாங்கம் கோப்பு எழுதியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வேடிக்கைதான். ஆனால் மடகாஸ்கர் காட்டில் நின்ற மரத்துக்கு அந்தக் கோப்பைவிட்டால் வேறு காவல் இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

காட்டு மரத்துக்கு விலை ஏறினால் என்ன ஆகும் என்று மற்ற மாவட்டத்துக்காரர்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். நமக்கு வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20-ஆம் தேதி, அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில், கடத்தல் சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று அரசு ஆட்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அதில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. வனத்துறை 126, காவல்துறை 84, வருவாய்த்துறை 5. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சந்தனத்தை விற்றுப் பணம் பார்த்தவன் எங்கேயோ இருந்தான். அடி விழுந்தது மரத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் மேல். அரசாங்கச் சம்பளத்தில் வாழ்ந்தவன் என்ற முறையில் அந்த எண்களை நான் கூட்டிப் பார்க்காமல் கடந்துபோக முடிவதில்லை. ஆகவே பேரன் வயதுப் பிள்ளைகள் 'காட்டு ஈட்டி ஒரு துண்டு கிடைக்குமா' என்று சாதாரணமாகக் கேட்கும்போது எனக்கு வயிற்றில் என்னவோ செய்கிறது. ஒரு துண்டுக்கும் ஒரு மரம் விழ வேண்டும்.

ஈட்டி வேண்டாம் என்கிறேனா? இல்லை. பழைய ஈட்டி வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. உடைந்த கட்டிலின் தலைமாட்டுப் பலகை, கால் போன சாய்வு நாற்காலியின் கை, முகம் பார்க்கும் கண்ணாடிச் சட்டம். விரல் பலகைக்கு வேண்டியது அரை மீட்டர் நீளம், 6 சென்டிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் தடிமன். அவ்வளவு மரத்துக்கு ஒரு காடு தேவையில்லை. எங்கள் வீட்டில் அது ஓர் உடைந்த கட்டில் பலகையிலிருந்து கிடைத்தது. கழுத்துக்குப் பாலக்கோடு பக்கம் இடித்த வீடொன்றின் தேக்கு நிலை.

வேலை செய்கிற முறையிலும் ஒரு வார்த்தை. பழைய மரமானாலும் அறுத்துத் திறந்ததும் உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் அவிழும். அதனால் ஒரே நாளில் செதுக்கி முடிக்கக் கூடாது. முதலில் அளவுக்குமேல் சில மில்லிமீட்டர் விட்டு அறுத்து இரண்டு வாரம் சும்மா வைக்க வேண்டும். பிறகு ரசமட்டத்தில் வைத்துப் பார்த்து, கோணியதை மட்டும் இழைத்து எடுக்க வேண்டும். அடுத்து நடுவில் கம்பிக்குப் பள்ளம். திரும்ப ஒரு வாரம். விரல் பலகையை ஒட்டிய பிறகும் ஒரு வாரம். கழுத்தின் முதுகை உருட்டுவது கடைசி வேலை. தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும் அமைப்பானால், கிப்சனில் அது 17 டிகிரி, ஒரே கட்டையில் குடைந்தால் அந்த முடக்கில் நார் குறுக்கே வெட்டுப்பட்டுப் போகும். கீழே விழுந்தால் அங்கேதான் ஒடிகிறது. சரிவாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்று படிய ஒட்டினால் நார் இரண்டு பக்கமும் நீளமாக ஓடும். கைமரத்தை நீட்டிக்க நம் ஆசாரிகள் போடும் சாய்வு ஒட்டும் இதே கணக்குத்தான். பேரன் படத்தில் காட்டுவதற்கு முன்பே எங்கள் ஆசாரி அதைத் தரையில் கரியால் வரைந்துவிட்டார்.

மரத்தை மாற்றினால் நாதம் மாறிவிடுமே என்று சிலர் சொல்லக்கூடும். வீணையிலும் வயிறு உள்ள கிட்டாரிலும் அது மெத்தச் சரி. அங்கே மரம்தான் பாடுகிறது. எலெக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் பிடிப்பது எஃகுத் தந்தியின் அசைவை. கழுத்து தொளதொளவென்று இருந்தால் சில சுரங்கள் சீக்கிரம் செத்துப்போகும் என்பது உண்மை. அதற்கு வேண்டியது விறைப்பு. விறைப்பு நாரிலும் காய்ச்சலிலும் இருக்கிறது. நல்ல நார் ஓடுகிற தேக்கைவிட, நார் வெளியேறிய மேப்பிள் உயர்ந்தது என்று சொல்கிறவர் பெயர்ப்பலகையைக் காதால் கேட்கிறார்.

இன்னொரு வாதம்: இடித்த மரம் எத்தனை நாளைக்கு வரும், தீர்ந்துபோகாதா? தீரும். அதற்கும் வழி உண்டு. பிஜித் தீவில் ஆங்கிலேயர் காலத்தில் நட்டு வளர்த்த மகோகனித் தோப்புகளின் மரம் இன்று கிட்டார்க் கழுத்தாகிறது. நம் பக்கமும் மகோகனி நடுகிறார்கள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிக்காரர்கள் விவசாயிகளுக்குச் சொல்லியும் வருகிறார்கள். நட்டவர்கள் அவசரப்பட்டு இளசிலே அறுக்காமல் வைரம் ஏறும் வரை விட்டால், பேரப்பிள்ளைகள் காலத்துக்குக் காடு தொடாத மரம் கிடைக்கும்.

அதுவரை நான் கேட்பது ஒன்றுதான். நம் ஊர்களில் வாரம் ஒரு பழைய வீடு இடிகிறது. அந்த நிலையும் உத்தரமும் செங்கல் சூளைக்கும் கல்யாணச் சமையல் அடுப்புக்கும் போகின்றன. உங்கள் வீடு இடிபடும் நாளில், ஒரு கட்டையை வெட்டுமுனையில் சீவிப் பாருங்கள். கோடுகள் நெருக்கமாக, நேராக ஓடினால் அதை விறகுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். கிட்டாரோ, வீணையோ, ஒரு பிள்ளையின் எழுது மேசையோ அதில் இருக்கிறது. தெருவில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ரெடிமேட் கதவு வந்தபிறகு அவர் கைக்கு நிலை செதுக்கும் வேலை வருவதில்லை. நார் பார்க்கத் தெரிந்த அந்தக் கண் இன்னும் அவரிடம் இருக்கிறது.